இழுத்தால் அவிழும் முடிச்சு

அவளிடம் எதைக் கேட்டாலும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும். கூடவும் ஒரு வார்த்தை வராது, குறையவும் வராது. பதினாறு வயதிலேயே அப்படித்தான் இருந்தாள்.

பட்டு முதலாளி வீட்டுக் கூடத்தில் புடவையை விரித்துப் போட்டு வெளிச்சத்தில் தடவிப் பார்ப்பார்கள். நெய்து கொண்டுவந்தவர்கள் அந்த நேரத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள். முதலாளி கண்ணில் ஒன்றும் படாமல் மடித்து வைத்துவிட்டால் போதும் என்று நிற்பார்கள். இவள் மட்டும் அவர் மடிக்கப் போகிற நேரம் பார்த்து, "முந்தானைக்கு ரெண்டு முழம் இப்பால ஒரு எழ அறுந்துச்சிண்ணா. ஒட்டி விட்டிருக்கேன்" என்பாள்.

அவர் தடவிப் பார்ப்பார். தெரியாது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்ப்பார். அப்போதும் தெரியாது. இவள் விரலைக் கொண்டுபோய் வைப்பாள். "இங்க."

முதலாளி சிரித்துவிடுவார். அவள் அம்மாவுக்குத்தான் தாங்காது. தெரு முழுக்கத் திட்டிக்கொண்டே வருவாள்.

"வாய மூடிகினு நிக்க மாட்டியாடி நீ? அவரே பார்க்கல, உனுக்கு இன்னா வந்துது?"

"அவரு பார்க்கல. நான் பார்த்தேனே."

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு அவர்களுடையது. அம்மாவும் பெண்ணும் மட்டும்தான். அப்பன்காரன் அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டான். எனக்கும் அவர்களுக்கும் உறவு ஒன்றும் கிடையாது. அவள் அம்மா என்னை அக்கா என்பாள், அதனால் இவளுக்கு நான் பெரிம்மா.

பல வருஷம் கழித்து, அவள் திரும்பி வந்த பிறகு, டிவியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். அவள் எதிர்பார்த்து வந்தது வேறு.

"பதினோரு வருஷம் ஒரே ரூம்ல. தினமும் அழுதிருப்பீங்க இல்ல?"

"மொத வருஷம் அழுதேன். அப்புறம் பல்லு வலி வந்தப்போ அழுதேன்."

"அந்த மாதிரி நேரத்துல யாரை நினைச்சீங்க? கடவுளையா, அம்மாவையா?"

"பல்ல."

அந்தப் பெண் கேமராக்காரனைப் பார்த்தாள். அவன் இவளைப் பார்த்தான். இவள் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு, "கீழ்வாய்ப் பல்லு. அதுவா விழுந்துடுச்சி" என்றாள். கேட்டதற்குக் குறைவாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்திருப்பாள். டிவியில் அதைக் காட்டவில்லை. பின்னால் சோகப் பாட்டு போட்டு, அவள் வாசல் படியில் நடந்து போவதை மட்டும் காட்டினார்கள்.

வந்த புதிதில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வீட்டைப் பார்த்தால் இருட்டாக இருக்கும். மின்சாரம் இல்லையோ என்று போய்ப் பார்த்தால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

"ஏம்மா, லைட்ட போட்டுக்கக் கூடாது?"

"சுச்சி வெளியல இருக்கும் பெரிம்மா அங்க. இங்க உள்ள இருக்குதுன்னு மறந்து மறந்து போவுது."

நான் போட்டேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இது நாப்பது வாட்ஸ். அங்க இருந்தது அதவிட கம்மி" என்றாள். வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. முதலாளி வீட்டுக் கூடத்தில் விரலை வைத்துக் காட்டினது போலவே காட்டினாள்.

வைகாசி கருட சேவைக்கு அவளைக் கூட்டிப்போனேன். விடிந்தும் விடியாமலும் பெருமாள் வருகிற வீதியில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர். ஒருத்திக்கு வாய் சும்மா இருக்காது. இவள் பக்கமாக நகர்ந்து வந்து கேட்டாள்.

"ஏம்மா, அவன் உன்ன தாலி கட்டி வச்சிருந்தானா?"

"இல்ல."

"பின்ன எப்பிடிம்மா பதினோரு வருஷம் கூட இருந்த?"

"பூட்டு."

"இன்னாது?"

"வெளிய பூட்டு போட்டிருந்தான்."

கேட்டவள் பெருமாள் வருகிற பக்கம் எட்டிப் பார்த்தாள். அப்படியும் விட மனசில்லை. "புள்ள குட்டி எதனா..."

"ரெண்டு தடவ நின்னுது. தங்கல. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவல."

அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. கேட்டவள் தன் மடியிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து இவள் கையில் திணித்தாள். அதற்குள் பெருமாள் வந்துவிட்டார். கூட்டமே கையைத் தூக்கியது. இவளும் தூக்கினாள். சாமி எங்களைத் தாண்டிப் போனபின், "கொடை மாத்திட்டாங்களா பெரிம்மா? முன்ன குஞ்சம் செவப்பு" என்றாள். நான் வருஷா வருஷம் சேவிக்கிறேன். குஞ்சத்தின் நிறம் எனக்குத் தெரியாது.

இப்போது என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

தறியில் நீளவாட்டில் ஓடும் இழைக்குப் பாவு என்று பேர். ஒரு பாவில் மூன்று புடவை நெய்யலாம். மூன்றாவது புடவையை அறுத்து எடுத்ததும் பழைய இழைகளின் நுனி, இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சுக்குப் பின்னால் ஒரு முழம் மிஞ்சி நிற்கும். புதுப் பாவு வந்ததும் அதன் ஒவ்வொரு இழையையும் பழைய நுனியோடு வைத்து, விரலில் சாம்பலைத் தொட்டு, முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று மாறினாலும் புடவை முழுக்கக் கோடு விழும். எங்கள் தெருவில் அதைச் செய்தவள் நான். எனக்குக் காய்ச்சல் என்றால் பாவு காத்திருக்குமே தவிர, வேறு ஆளைக் கூப்பிட மாட்டார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. இருந்தது அப்படித்தான்.

மிஞ்சின நுனிகள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, கொத்துக் கொத்தாக முடிச்சுப் போட்டு வைப்பார்கள். எல்லோரும் இறுக்கிப் போட்டுவிடுவார்கள். நான் போய் ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டும். ஒருமுறை அவர்கள் வீட்டில் அப்படிக் கடித்துக்கொண்டே, "என் பல்லு போனா உங்க அம்மாவா கட்டித் தருவா?" என்று சத்தம் போட்டேன். அவளுக்கு அப்போது பதினேழு இருக்கும். நான் கடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பாவுக்குப் போனபோது எல்லா முடிச்சும் வேறு மாதிரி இருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தால் தானாக அவிழ்ந்து வந்துவிடும். பக்கத்தில் கொட்டாங்கச்சியில் சலித்த சாம்பல்.

"இழுங்க பெரிம்மா. வரும்."

வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அவர்கள் வீட்டில் அப்படித்தான். தெருவில் வேறு யாரும் எனக்கு அதைச் செய்ததில்லை.

அவளுக்குப் பத்தொன்பது வயதில், ஒரு அமாவாசையன்று, அவள் காணாமல் போனாள். அமாவாசைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது. அவள் அம்மா முதல் நாளே தாமலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அமாவாசை சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது, பெண் இல்லை. ராத்திரிக்கு வந்துவிடுவாள் என்று இருந்திருக்கிறாள். வரவில்லை. மறுநாள் காலையில் என்னிடம்தான் ஓடி வந்தாள்.

நான் போனேன். தெருவே பின்னால் வந்தது. தறி காலியாக இருந்தது. மூன்றாவது புடவையை அறுத்து, அழகாக மடித்து, பலகைமேல் வைத்திருந்தாள்.

எங்கள் தெருவிலிருந்து அதற்கு முன்னால் மூன்று பெண்கள் ஓடிப்போயிருந்தார்கள். மூன்று பேரும் தறியில் இருந்த புடவையை நெய்து முடித்துவிட்டுத்தான் போனார்கள். பாதிப் புடவையை விட்டுப் போனால் முதலாளி வந்து வீட்டு வாசலில் நிற்பார். அந்தக் கேவலத்தைப் பெற்றவளுக்கு வைத்துவிட்டுப் போக யாருக்கும் மனசு வராது. இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மடித்த புடவையைப் பார்த்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. தோன்றியதைச் சொன்னேன்.

"பாதில போனா தூக்கிகினு போனாங்கன்னு சொல்லலாம். முடிச்சி மடிச்சி வச்சிட்டுப் போயிருக்கா. இவளாதான் போயிருக்கா."

அவள் அம்மா, "என் பொண்ணு அப்பிடி இல்லக்கா" என்றாள்.

"அந்த மூணு பேரு வீட்லயும் இதத்தான் சொன்னாங்க" என்றேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் நான்தான் கூடப் போனேன். அங்கேயும் அதையே சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, "அதுல இப்பிடி ஒரு கணக்கு இருக்குதா?" என்று கேட்டார். விளக்கமாகச் சொன்னேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எனக்கு அன்றைக்கு அதில் ஒரு நிறைவுகூட இருந்தது. அதற்குப்பின் அவர்கள் தேடினதாகத் தெரியவில்லை. அவள் அம்மா மட்டும் பஸ் ஸ்டாண்ட், ரயிலடி, திருப்புட்குழி, தாமல் என்று அலைந்தாள். பத்து நாள் அலைந்தாள்.

பத்தாவது நாள் முதலாளி வீட்டிலிருந்து புதுப் பாவு வந்தது. வயிறு இருக்கிறதே, அவள் அம்மா தானே தறியில் உட்காருவதாகச் சொன்னாள். பாவு சேர்க்க என்னைக் கூப்பிட்டாள்.

அவள் காணாமல் போன மறுநாள் நான் தறிக்கு முன்னால் நின்று புடவையைத்தான் பார்த்திருந்தேன். குனிந்து அச்சுக்குப் பின்னால் பார்க்கவில்லை. சேர்க்கிறவள்தான் அங்கே உட்காருவாள். அன்றைக்கு உட்கார்ந்தேன். இடது பக்கம் முழுக்க முடிச்சு. இழுத்தால் அவிழும் முடிச்சு. பாதி வரைக்கும் அப்படி வந்து, அதற்குமேல் இல்லை. மீதி நுனிகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த கொத்தைப் பிரித்து, கோதி, தனியாக எடுத்து வைத்திருந்தாள். முடிச்சுப் போடவில்லை. கீழே கொட்டாங்கச்சியில் சாம்பல், மேலே காகிதம் போட்டு மூடியிருந்தது.

பாதியில் எழுந்து போயிருக்கிறாள். திரும்பி வந்து மீதியைப் போடலாம் என்றுதான் போயிருக்கிறாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே தெரிந்துவிட்டது. அவள் அம்மா ரெண்டு அடி தள்ளி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று காலையிலிருந்து அவள் அழுவதை விட்டுவிட்டுத் திட்ட ஆரம்பித்திருந்தாள். "எங்கனா நல்லா இருக்கட்டும், என் மூஞ்சில முழிக்க வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சாம்பலைத் தொட்டு முதல் முடிச்சை இழுத்தேன். வந்தது. சாயங்காலத்துக்குள் எல்லா இழையும் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

எட்டாவது வருஷம் அவள் அம்மா செத்தாள். கடைசிவரை பெண் பேரை வாயில் எடுக்கவில்லை. தறியை அவள் அம்மாவின் அண்ணன் விற்றுவிட்டு, வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துப் போனார்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஒரு பெண் போலீஸ் இறங்கினாள், பின்னால் இவள். ஆந்திரா எல்லை தாண்டி ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் இருந்த வீட்டில் வைத்திருந்தானாம், முதலாளிகளுக்கு நூல் ஏற்றிவரும் வேன் ஓட்டினவன். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தத்தைக் கேட்டுச் சொல்லியிருக்கிறார். நான்தான் பூட்டைத் திறந்துவிட்டேன். தறிக்குழியை மூடி சிமெண்ட் பூசியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டமெல்லாம் போனபின் நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அம்மா என்ன தேடனாங்களா பெரிம்மா?"

"தேடாம இருப்பாளா? ரொம்ப நாளு தேடினா."

"ரொம்பன்னா?"

அவளிடம் அந்தப் பதில் செல்லாது. "பத்து நாளு" என்றேன்.

"பத்தாவது நாளு இன்னா ஆச்சி?"

"புதுப் பாவு வந்துது."

காப்பியை ஒரு வாய் குடித்தாள். "யாரு சேத்தாங்க?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். டம்ளரை வாங்கிக்கொள்கிற மாதிரி கையை நீட்டினேன். அவள் இன்னும் குடித்து முடிக்கவில்லை. "எனுக்கு அப்போ கையில புண்ணும்மா. வேற ஆளு வந்து சேத்தாங்க" என்றேன்.

"ஓ" என்றாள். அவ்வளவுதான். எதிர் வீட்டிலேயே நாலு வருஷம் இருந்தாள். ஒருநாளும் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. என் வீட்டுக்கு வந்தால் முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுப்பாள். எனக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவாள். எத்தனை சொட்டு உள்ளே போனது, எத்தனை வெளியே போனது என்று சொல்லுவாள்.

பிறகு வேலூர் பக்கம் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை கிடைத்துப் போனாள். அங்கே இருக்கும் சங்கத்துப் பெண்கள் அவளை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதினாள். அவள் எழுதினபடியே, ஒரு எழுத்துத் திருத்தாமல், புத்தகம் போட்டார்கள். போன கார்த்திகையில் எனக்குத் தபாலில் ஒன்று வந்தது. உள்ளே கடிதம் கிடையாது.

நான் மூன்றாவது வரை போனவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மத்தியானம் சாப்பிட்டபின் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பக்கம் படிப்பேன். சில நாள் அரைப் பக்கம். என் மருமகளுக்குப் பொறுக்கவில்லை.

"அத்த, இப்பிடி ஒவ்வொரு எழுத்தா புடிச்சிகினு இருந்தா ஆடி கடந்துடும். குடுங்க, நான் மடமடன்னு படிச்சி சொல்றேன்."

"ஒண்ணும் வேணாம். நீ உன் சீரியல பாரு."

"சீரியல்ல கூட இவ்ளோ நாளு இழுக்க மாட்டாங்க."

கொடுக்கவில்லை. எந்தப் பக்கத்தில் நான் வருவேன் என்று எனக்குத் தெரியாது. அதை இன்னொருத்தர் வாயால் கேட்க வேண்டாம் என்று இருந்தேன்.

புத்தகத்தில் அழுகை கிடையாது. 'ஜன்னல் இருந்தது. பலகை அடிச்சிருந்தான். பலகைல ஒரு ஓட்டை. அதுல கோழி ஷெட்டு தகரம் தெரியும். வேற தெரியாது.' இப்படியே போகும். 'அவன் அடிச்ச நாளு எழுதல. அடிக்காத நாளு எழுதினா சுருக்கமா முடியும். அது பதிமூணு நாளு.' படித்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தை மடக்கி வைத்துவிட்டு மோர் குடிப்பேன். அவ்வளவுதான்.

வேனில் ஏறினதையும் எழுதியிருந்தாள். 'பாவு வந்துடுச்சி, வந்து எடுத்துக்கன்னு வேன்காரன் சொன்னான். நானாதான் ஏறினேன். அமாவாசைல யாரு பாவு குடுப்பாங்கன்னு யோசிச்சிருக்கணும். யோசிக்கல.'

ஒருநாள் நான் தூங்கி எழுந்தபோது மருமகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். முழுக்கப் படித்து முடித்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது.

"உங்களப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்காங்க அத்த. உங்க கையில புண்ணு வந்ததக் கூட ஞாபகம் வச்சிருக்காங்க பாருங்க. எப்போ அத்த வந்துது?"

"வந்துது எப்பவோ" என்றேன்.

அந்தப் பக்கத்துக்கு நான் வந்து சேர இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. எழுபத்திநாலாம் பக்கம். அதில் இருந்தது இது.

'முடிச்சு பாதி போட்டுட்டு வந்தேன். அது எனக்கு தெம்பா இருந்தது. எதிர் வீட்டு பெரிம்மா பாவு சேக்க வருவாங்க. பாதி முடிச்சு பார்ப்பாங்க. பாதில போனவள யாரோ இட்டுகினு போனாங்கன்னு அவங்களுக்கு தெரியும். எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க. அவங்க சொன்னா தெருவுல கேப்பாங்க. போலீசும் கேக்கும். இன்னிக்கு வருவாங்க நாளிக்கு வருவாங்கன்னு கதவாண்டயே படுத்தேன். ரெண்டு வருஷம் கதவாண்டதான் படுத்தேன். அப்புறம் சொவத்தாண்ட போயிட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சது. பெரிம்மாவுக்கு அப்போ கையில புண்ணு. வேற ஆளு வந்து சேத்திருக்காங்க. அவங்களுக்கு அந்த முடிச்சு தெரியாது. பெரிம்மா பார்த்திருந்தா நான் வந்திருப்பேன்.'

அந்தப் பக்கத்தை நான் நாலு நாள் படித்தேன். புத்தகம் முழுக்க அவள் கண்ணால் பார்த்தது, உடம்பால் பட்டது. அந்த ஓரிடத்தில் மட்டும் என் வாயிலிருந்து போனது இருக்கிறது.

போன வாரம் மத்தியானம் போன் வந்தது. மருமகளின் போன். எனக்குக் காதில் வைத்தால் சரியாகக் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பெரிம்மா, நல்லாக்கீறிங்களா? புத்தகம் படிச்சிங்களா?"

"படிச்சிகினுகீறேன்மா. முக்காவாசி வந்துட்டேன்."

"ரெண்டாவது தடவ அச்சு போடறாங்க. தப்பு இருந்தா இப்பவே திருத்திக்கலாம்னாங்க. உங்களப் பத்தி எழுதினதுல தப்பு எதனா இருக்குதா?"

மருமகளை எழுந்து போகச் சொல்லியிருக்கலாம். தப்பு ஒன்றுமில்லை என்றும் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் கூசினதில்லை.

"இருக்குது" என்றேன்.

"எத்தினியாவது பக்கம்?"

"எழுவத்திநாலு."

தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. "சொல்லுங்க."

"எனுக்கு கையில புண்ணு இல்ல."

"சரி. அப்போ யாரு சேத்தாங்க?"

"நான்தான்."

அந்தப் பக்கம் பெரிய அண்டாவைத் தேய்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. இவள் யாரிடமோ, "கொஞ்சம் நிறுத்துக்கா" என்றாள். சத்தம் நின்றது.

"முடிச்ச பார்த்திங்களா?"

"பார்த்தேன்."

"பாதிதான் இருந்தது, அதயும்?"

"அதயும் பார்த்தேன். நீ கோதி வச்ச கொத்து கூட இருந்துது."

"உங்களுக்குத் தெரிஞ்சிதா?"

"அப்பவே தெரிஞ்சிது."

"அம்மாகிட்ட சொன்னிங்களா?"

"இல்ல."

"போலீசுல?"

"யாருகிட்டயும் சொல்லல."

மருமகளின் கை கீரையில் அப்படியே நின்றுவிட்டது.

"ஏன்னு போடணுமா பெரிம்மா, வேணாமா?" என்று கேட்டாள். எப்போதும் பேசுகிற குரல்தான். விலக்கமும் இல்லை, உறவும் இல்லை.

"போடு. அவளாதான் போனான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அத மாத்திச் சொல்ல எனுக்கு மனசு வரல."

பேனா ஓடுகிறது என்று தெரிந்தது. நான் காத்திருந்தேன். அவள் நிதானமாகப் படித்துக் காட்டினாள்.

"எதிர் வீட்டு பெரிம்மாதான் பாவு சேத்தாங்க. பத்தாவது நாளு. பாதி முடிச்சு பார்த்தாங்க. பார்த்ததும் தெரிஞ்சது. நானா போனேன்னு முன்னாடியே சொல்லிட்டதால மாத்திச் சொல்ல மனசு வரல. யாருகிட்டயும் சொல்லல. சரியா இருக்குதா?"

"சரியா இருக்குது. பெரிம்மான்னு போட்டா யாருன்னு தெரியாது. என் பேர போடு."

"புத்தகத்துல யாரு பேரும் போடல பெரிம்மா."

"தெரியும். என் பேரு இருக்கட்டும்."

புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது.

"உங்க பேர போட்டா அவன் பேரயும் போடணும். அவன் பேரு அதுல வரக்கூடாது" என்றாள். பிறகு, "ஒலைல அரிசி போடணும். வெக்கட்டுமா?"

"வைம்மா" என்றேன்.

போனின் வெளிச்சம் அணைந்தது. மருமகள் கீரைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என் கைகளையே பார்த்தாள். ரெண்டையும் பார்த்தாள். நான் மடியிலிருந்து எடுக்கவில்லை. பார்க்கட்டும் என்று இருந்தேன்.